பிள்ளைகள் தேறினார்களா, பாடமுறை தேறியதா?

(ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், போலாரம்)



நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றி, சென்ற பொதுக்குழுவில் நான் ஒரு கணக்குச் சொன்னேன். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அதிலிருந்து நான் எடுத்த முடிவு தவறு. மேடையில் சொன்ன தவறை மலரில் எழுதித் திருத்துவதுதான் முறை என்பதால் இந்தக் கட்டுரை. ஒன்றிரண்டு இடத்தில் வர்க்கமூலம் வரும். பள்ளியில் படித்ததுதான், பயப்பட வேண்டாம்.

நடந்தது இதுதான். நம் வகுப்பில் இத்தனை காலமும் அரிச்சுவடி முறைதான். அ, ஆ எழுதி, உயிர்மெய் ஓதி, பிறகு சொல், பிறகு வாக்கியம். நம் பிள்ளைகளோ வீட்டில் தமிழ் பேசி, தெருவில் தெலுங்கு பேசி, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் எழுதுகிறவர்கள். வாரத்தில் ஒன்றரை மணி நேரம்தான் தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்க்கிறார்கள். 247 எழுத்தும் முடிவதற்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இளைய பெற்றோர் சிலர், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் வந்த அட்டை முறையைக் கொண்டுவரலாம் என்றார்கள். மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் உருவான வழியைப் பின்பற்றி, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007 முதல் மாநிலம் முழுவதும் பரவிய முறை அது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில், ஏணிப்படி போல அட்டை அட்டையாக ஏறும்.

பிப்ரவரியில் எட்டுப் பிள்ளைகளுக்கு வாசிப்புத் தேர்வு வைத்தோம். பிறகு அட்டைகள். ஏப்ரலில் பள்ளித் தேர்வு வந்துவிட்டதால் இரண்டாவது தேர்வை ஜூன் நடுவில்தான் வைக்க முடிந்தது. மதிப்பெண் கூடியிருந்தது. நான் உட்கார்ந்து இணைச் சோதனை போட்டேன். "இந்த முன்னேற்றம் தற்செயல் இல்லை, புதிய முறை வெற்றி" என்று கூட்டத்தில் அறிவித்தேன். பொருளாளர் அட்டை அச்சடித்து லேமினேஷன் போடப் பணம் ஒதுக்கத் தயாராகிவிட்டார். அரிச்சுவடி வகுப்பை நிறுத்திவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

அப்போது, பல வருடமாக அந்த வகுப்பை நடத்தி வரும் டீச்சரம்மா எழுந்தார். "சார், எனக்கு உங்கள் கணக்கு தெரியாது. ஒரு சந்தேகம் மட்டும். மே மாதம் பூராவும் இந்தப் பிள்ளைகள் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போய், தாத்தா பாட்டியோடு இருந்தார்களே. பஸ் போர்டையும் கடைப் பெயரையும் நாள் முழுக்கத் தமிழில் படித்தார்களே. அந்த மார்க் எல்லாம் யார் கணக்கில்?"

என்னிடம் பதில் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் அளவுகோலோடு வேலை பார்த்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

இணை என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இதை நான் எந்தப் புத்தகத்திலும் முதலில் படிக்கவில்லை. டிப்ளமோ முடித்துப் பணிமனையில் சேர்ந்த புதிதில், புது மாதிரி பிரேக் பிளாக் ஒன்று சோதனைக்கு வந்தது. பழையதைவிடக் குறைவாகத் தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். நான், பத்து வேகனில் புதியதும் வேறு பத்து வேகனில் பழையதும் போடலாம் என்றேன். ஃபோர்மன் சிரித்தார். "தம்பி, ஒரு வேகன் நிலக்கரி ஏற்றி மேட்டுப் பாதையில் போகும், இன்னொன்று காலியாக யார்டில் நிற்கும். தேய்மானம் பிளாக்கால் வந்ததா, பாதையால் வந்ததா, எப்படித் தெரியும்? ஒரே வேகனில் இந்தப் பக்கம் பழசு, அந்தப் பக்கம் புதுசு போடு. பாதி வண்டியில் பக்கத்தை மாற்று" என்றார். அதற்குப் பிறகு வேகன் எங்கே போனால் என்ன? இரண்டு பிளாக்கும் ஒரே சுமையில், ஒரே தூரம் ஓடியவை. நாம் பார்க்க வேண்டியது அந்த இரண்டின் வித்தியாசத்தை மட்டும்தான்.

பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஒருவன் வீட்டில் பாட்டி இருப்பாள், கதை சொல்வாள். இன்னொருவன் வீட்டில் அம்மா தெலுங்கு, அப்பா தமிழ். இவர்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு மிகப் பெரியது. அதை அப்படியே விட்டுவிட்டுச் சராசரியை மட்டும் பார்த்தால், பாடமுறை செய்த சிறிய மாற்றம் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். ஒவ்வொரு பிள்ளையையும் அதே பிள்ளையோடு ஒப்பிட்டால்தான் வெளியே வரும்.

ஒரு கணக்குப் போடுவோம். கீழே உள்ளவை பாடத்துக்காக நான் எழுதிக்கொண்ட எண்கள். எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணும் இல்லை, பெற்றோர் தேட வேண்டாம். 50க்கு எட்டுப் பிள்ளைகள், முதல் தேர்வும் இரண்டாம் தேர்வும்:

18, 24
31, 33
12, 21
25, 24
40, 43
22, 29
15, 19
35, 37

முதல் தேர்வின் சராசரி 24.75, இரண்டாவதன் சராசரி 28.75. நான்கு மார்க் கூடியிருக்கிறது. ஆனால் 12 வாங்கியவரும் 40 வாங்கியவரும் ஒரே வகுப்பில் இருக்கும்போது நான்கு மார்க் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள்: 6, 2, 9, கழித்தல் 1, 3, 7, 4, 2. கூட்டினால் 32. எட்டால் வகுத்தால் 4.

இனி, இந்த வித்தியாசங்கள் தங்களுக்குள் எவ்வளவு ஆடுகின்றன என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் 4ஐக் கழித்து வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 72 வரும். அதை எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அதாவது 7ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3.21. இதற்குத் திட்ட விலக்கம் என்று பெயர். இது ஒரு பிள்ளையின் ஆட்டம். எட்டுப் பேரின் சராசரி அவ்வளவு ஆடாது. எட்டின் வர்க்கமூலமான 2.83ஆல் வகுத்தால் 1.13. இது சராசரியின் ஆட்டம், திட்டப்பிழை என்பார்கள். கடைசியாக 4ஐ 1.13ஆல் வகுங்கள். ஏறக்குறைய 3.53. இதுதான் டி மதிப்பு.

கிடைத்த முன்னேற்றம் அதன் ஆட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே டி. எட்டு இணைக்கு அட்டவணை சொல்லும் எல்லை 2.365. அதைத் தாண்டினால், முறையால் ஒரு மாற்றமும் இல்லாமல் வெறும் தற்செயலாக இப்படி வருவதற்கு நூற்றில் ஐந்துக்கும் குறைவான வாய்ப்பு என்று பொருள். 3.53க்கு அந்த வாய்ப்பு சுமார் நூற்றில் ஒன்று. அதே 16 எண்களை, யார் எவர் என்ற தொடர்பை அறுத்துவிட்டு இரண்டு தனிக் கூட்டமாக வைத்துக் கணக்கிட்டால் டி வெறும் 0.87. எண்கள் அதேதான், சராசரியும் அதேதான். தேர்வுத்தாளில் பெயர் எழுதாமல் வாங்கி வைத்தால் இந்த நஷ்டம். (சென்ற ஆண்டு நாம் அப்படித்தான் செய்தோம்.)

வர்க்கமூலம் பிடிக்காதவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். இங்கே ஏழு ஏற்றம், ஒரு இறக்கம். எட்டு முறை காசு சுண்டினால் ஏழோ எட்டோ ஒரே பக்கம் விழுவதற்கு 256ல் 18 வாய்ப்பு, நூற்றுக்கு ஏழு. கொஞ்சம் மழுங்கிய கத்தி இது, ஏனென்றால் 9 மார்க் ஏறியவனும் 2 மார்க் ஏறியவனும் இதற்கு ஒன்றுதான். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தே போடலாம். கம்ப்யூட்டர் உள்ள வீட்டில் எக்செல் போதும். அதில் டி.டெஸ்ட் என்ற கட்டளையில் கடைசியாக வகை கேட்கும். அங்கே 1 என்று கொடுத்தால் இணைச் சோதனை. 2 அல்லது 3 கொடுத்தால் இணையை அறுத்துவிடும். அது தருவது டி மதிப்பு அல்ல, மேலே சொன்ன வாய்ப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். என் பேரன் இதைக் குழப்பிக்கொண்டு அரை நாள் என்னோடு வாதாடினான்.

இந்தச் சோதனையைத் தந்தவர் கல்லூரிப் பேராசிரியர் இல்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட். ஊழியர் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட ஆலை அனுமதிக்காததால், 1908ல் "ஸ்டூடண்ட்", அதாவது மாணவன், என்ற புனைபெயரில் எழுதினார். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்த உதாரணமே ஒரு இணைதான். பத்து நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள், ஒவ்வொருவரும் இரண்டையும் சாப்பிட்டவர்கள். இரண்டாவது மருந்தில் சராசரி 1.58 மணி நேரம் அதிகத் தூக்கம். இணையாகப் போட்டால் டி நான்குக்குச் சற்று மேல். பத்தே பேரை வைத்து இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது, ஒருவரை அவரோடேயே ஒப்பிட்டதால்.

சரி, டீச்சரம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

டி மதிப்பு 3.53 என்றால் "பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது" என்று மட்டும்தான் பொருள். அந்த ஏதோ என்ன என்று சோதனைக்குத் தெரியாது. அட்டையாக இருக்கலாம். ஊருக்குப் போனதாக இருக்கலாம். நான்கு மாதம் வயது கூடியதாக இருக்கலாம். ஒரே கேள்வித்தாளை இரண்டு முறை கொடுத்திருந்தால் ஞாபகமாகவும் இருக்கலாம். நான் அத்தனையையும் அட்டையின் கணக்கில் வரவு வைத்துவிட்டேன்.

இதே பாடத்தைப் பெரிய அளவில் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். கொரோனாவில் பள்ளிகள் ஏறக்குறைய 18 மாதம் மூடிக் கிடந்தன. 2021 அக்டோபரில் தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" என்று, தன்னார்வலர்களை வைத்து மாலை வகுப்புகளைத் தொடங்கியது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள், கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்து வந்தார்கள். 2019ல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணிதத்தில் சுமார் 0.7 திட்ட விலக்கமும் மொழியில் 0.34ம் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது.

இங்கே ஒருவர் என்னைப் போல முன்-பின் சோதனை மட்டும் போட்டிருந்தால் என்ன ஆகும்? இத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு டி மதிப்பு மலை போல வரும், மீட்சி முழுவதும் மாலை வகுப்பின் சாதனை என்று அறிவித்திருப்பார். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மாலை வகுப்புக்குப் போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும், முந்தைய மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டார்கள். மீண்டதில் சுமார் 24 சதவீதம்தான் மாலை வகுப்பால் என்று வந்தது. மீதிக்குப் பள்ளி திறந்தது உட்பட மற்றவை காரணம். 24 சதவீதம் என்பது குறைந்த பலன் இல்லை. அரசுக்கும் அந்தத் தன்னார்வலர்களுக்கும் பெருமைதான். ஆனால் நூறு என்று சொல்லியிருந்தால் அது பொய்.

ஆகவே நமக்கு இரண்டாவது இணை வேண்டும். ஒரே பிள்ளையின் முன்னும் பின்னும் போதாது. அவனைப் போன்றே இன்னொருவன், அதே கோடை, அதே ஊர்ப்பயணம், ஆனால் அரிச்சுவடியில் படித்தவன், பக்கத்தில் வேண்டும். மேலே உள்ள எட்டுப் பேருக்கும் அப்படி ஒரு ஜோடி இருந்து, அவர்கள் அதே காலத்தில் 5, 3, 4, 1, 2, 5, 4, 0 என்று முன்னேறியதாக வைப்போம். சராசரி 3. இப்போது முன்னேற்றங்களின் வித்தியாசத்தை எடுங்கள்: 1, கழித்தல் 1, 5, கழித்தல் 2, 1, 2, 0, 2. சராசரி 1, திட்ட விலக்கம் 2.14, திட்டப்பிழை 0.76, டி 1.32. எல்லையான 2.365க்கு வெகு கீழே.

நான்கு மார்க் வெற்றி ஒரு மார்க் சந்தேகமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் இதை "அட்டை முறை தோற்றது" என்று படிக்கக்கூடாது. எட்டு ஜோடியால் அந்த ஒரு மார்க்கைப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவே. மெல்லிய விரிசலைத் தடித்த கேஜ் வைத்துத் தேடினால் கிடைக்குமா? இதே ஆட்டம் இருந்து, உண்மையான பலன் ஒரு மார்க்தான் என்றால், அதை நம்பிக்கையாகக் கண்டுபிடிக்கச் சுமார் 36 ஜோடி வேண்டும். நம்மிடம் அவ்வளவு பிள்ளைகள் இல்லை. இரண்டு மூன்று பருவத்துக் கணக்கைச் சேர்த்தால் வரலாம்.

ஜோடி சேர்ப்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. 1930ல் ஸ்காட்லாந்தில் லனார்க்‌ஷயர் என்ற மாவட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தால் வளர்ச்சி கூடுமா என்று ஒரு பெரிய சோதனை நடந்தது. 67 பள்ளிகள், நான்கு மாதம், பால் குடித்தவர் 10,000 பேர், குடிக்காதவர் 10,000 பேர். தேர்வு நியாயமாகத் தோன்றாவிட்டால் ஆசிரியர்கள் பிள்ளைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை கொடுத்தார்கள். ஆசிரியர் மனம்தானே, ஏழைப் பிள்ளைகள் பால் பக்கம் போய்விட்டார்கள் போலும். தொடக்கத்திலேயே பால் குடிக்காத கூட்டம் உயரத்திலும் எடையிலும் கூடுதலாக இருந்தது. எடையை உடையோடு எடுத்தார்கள், முதலில் பிப்ரவரிக் குளிரில், பிறகு ஜூனில். வசதியுள்ள பிள்ளை ஜூனில் கம்பளி உடையைக் கழற்றியிருக்கும். ஏழைப் பிள்ளைக்கு மாற்று ஏது? அதையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நம் காசெட் 1931ல் இதை விளக்கி, 50 ஜோடி ஒத்த இரட்டையரை எடுத்து, ஒருவருக்குப் பால் கொடுத்து ஒருவருக்குக் கொடுக்காமல் பார்த்திருந்தால் மிகக் குறைந்த செலவில் இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்று எழுதினார். இருபதாயிரத்தைவிட நூறு மேல்!

அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் பிப்ரவரியில் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தபோது "ஆர்வமாக வரும் பிள்ளைகளாக இருக்கட்டும்" என்றுதானே சொன்னேன்.

அதனால் யார் எந்தப் பக்கம் என்பதை மனிதர் முடிவு செய்யக்கூடாது, காசு முடிவு செய்ய வேண்டும். பழைய ஆந்திரப் பிரதேசத்தில் 2005ல் தொடங்கிய ஒரு ஆய்வில், ஐந்து மாவட்டங்களில் 500 அரசுப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மேலே சொன்ன கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்தது. பிள்ளைகள் முன்னேறினால் ஆசிரியருக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் பலன் உண்டா என்பது கேள்வி. இரண்டு வருடத்தில், ஊக்கத்தொகை இல்லாத பள்ளிகளைவிட அந்தப் பள்ளிகள் கணிதத்தில் 0.27 திட்ட விலக்கமும் மொழியில் 0.17ம் முன்னால் இருந்தன. குலுக்கல் என்பதால்தான் அந்த எண்ணை நம்ப முடிகிறது.

நம் வகுப்பில் இன்னொரு சிக்கல், மாற்றல். ராணுவக் குடும்பம், ரயில்வே குடும்பம், வங்கிக் குடும்பம், யார் எப்போது ஊர் மாறுவார்கள் என்று சொல்ல முடியாது. ஜோடியில் ஒருவர் போய்விட்டால் அந்த ஜோடியே கணக்கிலிருந்து போய்விடும். மாற்றலால் போனால் பரவாயில்லை, அதற்கும் அட்டைக்கும் தொடர்பு இல்லை. ஆனால் படிக்க முடியாமல் நின்றுபோகிற பிள்ளையை விட்டுவிட்டு மீதிப் பேரைக் கணக்கிட்டால், எந்த முறையும் நன்றாகத்தான் தெரியும். வராமல் போனவர் பெயரையும் காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

இவ்வளவையும் செயற்குழுவில் சொன்னேன். அட்டைக்கான செலவு இப்போதைக்கு ஒரு செட்டுக்கு மட்டும். அரிச்சுவடி வகுப்பு நிற்காது. வயது, வீட்டில் பேசும் மொழி, முதல் தேர்வு மதிப்பெண் மூன்றையும் பார்த்து ஜோடி சேர்த்து, காசு சுண்டி ஒருவரை அட்டைக்கும் ஒருவரை அரிச்சுவடிக்கும் அனுப்புவோம். "என் பிள்ளைக்கு ஏன் பழைய முறை?" என்று கேட்கப்போகும் பெற்றோருக்கு: அடுத்த பருவத்தில் இரண்டு பக்கமும் மாறிக்கொள்ளும், யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு தேர்வுக்கும் கேள்வித்தாள் வேறு வேறு, கடினம் ஒன்றே. திருத்துகிறவருக்கு எந்தத் தாள் எந்த வகுப்பு என்று தெரியாது. இரண்டாவது தேர்வு கோடை விடுமுறைக்கு முன்பே நடக்கும்.

காசு சுண்டுவது டீச்சரம்மா. நான் கேட்டபோது, "என் வகுப்பு தோற்றால் நானே அட்டையைக் கையில் எடுப்பேன் சார், ஆனால் நியாயமாகத் தோற்க வேண்டும்" என்றார்.

பள்ளி திறந்தபின் வரும் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல் தேர்வு. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளைத் தவறாமல் அழைத்து வாருங்கள். இந்த வருடம் மாற்றல் எதிர்பார்க்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஜோடி சேர்க்க வசதியாக இருக்கும். தேர்வுத்தாளில் பெயர் எழுத மறக்க வேண்டாம்.